இரும்புத் தோணியும் மேல்தட்டும்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிக்காரர்களிடம் ஒரு வழக்கத்தைக் காணலாம். அருவியில் குளிக்க வெளியூரிலிருந்து வந்தவர்களைப் பார்த்து, "இத்தனை தூரம் பணம் செலவழித்து வந்து இப்படி முண்டியடிக்கிறார்களே!" என்று பரிதாபப்படுவார்கள். பரிதாபப்பட்டுக்கொண்டே தாங்களும் தலையில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு அதே கூட்டத்திற்குள் புகுந்துவிடுவார்கள். அண்ணாச்சியும் நானும் அவ்விதம் ஐந்தருவியில் குளித்துவிட்டு, ஈரத் துண்டுடன் வெண்ணமடைக் குளத்தின் படகுத் துறைக்கு வந்து நின்றோம்.

குளத்தில் பிள்ளைகள் மிதிபடகை மிதித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி கரையோரம் கட்டியிருந்த ஒரு படகின் அருகில் போய், தேங்காய் முற்றியிருக்கிறதா என்று பார்ப்பவரைப்போல் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"கண்ணாடி நார். வெறும் ஓடு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, நான் ஒரு தோணி கட்டப்போகிறேன். இரும்பில்" என்றார்.

இதைச் சொன்னவர் யார் என்பதை நேயர்கள் அறிந்தால்தான் நான் அடைந்த ஆச்சரியம் விளங்கும். அண்ணாச்சி செங்கோட்டைச் சாலையில் நாற்பது வருஷம் மர டிப்போ நடத்தியவர். தேக்கு, வேங்கை, அயினி, கோங்கு என்று எந்த மரத்தின் சீவலை நீட்டினாலும் மோந்து பார்த்தே பெயர் சொல்வார். தம் வீட்டு ஜன்னலுக்குக்கூட இரும்புக் கம்பி வேண்டாமென்று மரத்திலேயே கடைந்து போட்டவர். டிப்போவைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்த மறு வருஷமே இந்த மனிதர் இரும்பில் தோணி கட்டக் கிளம்பியது, சைவப் பிள்ளைமார் வீட்டில் கருவாட்டு வியாபாரம் பேசுவதைப்போல் எனக்குப் பட்டது.

"தென்காசியில் தோணியா? சிற்றாற்றில் ஓட்டவா?" என்று கேட்டேன்.

சிற்றாறு நல்ல ஆறுதான். குற்றாலத்து அருவி நீரெல்லாம் அதில் சேருகிறது. ஆனால் அது சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலப்பதற்குள் அணைக்கட்டுகளும் கால்வாய்களும் அதன் நீரைப் பங்கு போட்டுக்கொண்டுவிடுகின்றன. நம் பக்கத்துக் கால்வாய்கள் வயலுக்காக வெட்டப்பட்டவை. அவற்றில் வாழைத்தண்டு மிதக்கலாம், தோணி மிதக்காது.

அண்ணாச்சி பதில் சொல்லாமல் மேற்கே மலையைக் காட்டினார். மலைக்கு அந்தப் புறத்தில் விழும் மழை கல்லடை ஆறாகி அஷ்டமுடிக் காயலில் போய்ச் சேருகிறது. அந்தக் காயலில் ஒரு தோணியை விட்டு, குற்றாலம் வந்த கையோடு கேரளத்தையும் பார்த்துவிட்டுப் போக நினைக்கும் குடும்பங்களை ஏற்றவேண்டும் என்பது அவர் திட்டம். ஒரே மேகம் இரண்டு பக்கமும் பெய்கிறது. இந்தப் பக்கம் குளிப்பாட்டுகிறது, அந்தப் பக்கம் தோணி விடுகிறது என்றார். இதைச் சொல்வதற்காக நெடுநாள் காத்திருந்தார் என்று தோன்றிற்று.

மலைக்கு அப்பால் நீர்வழி என்பது புதிய விஷயமல்ல. செங்கோட்டையே 1956-ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதிவரை திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்–கொச்சியோடும் சேர்ந்திருந்த ஊர். அந்த ராஜ்யத்தில் சாலையைவிடத் தண்ணீரே பெரிய வழியாக இருந்தது. திருவனந்தபுரத்திலிருந்து வடக்கே போகும் நீர்வழிக்கு வர்க்கலைக் குன்று தடையாக நின்றபோது, அதைக் குடைந்து இரண்டு சுரங்கங்கள் வெட்டி 1880-இல் தோணிகளை உள்ளே விட்டார்கள். 1904-இல் கொல்லம்–செங்கோட்டை ரயில் திறக்கப்பட்ட பிறகு தோணிக்காரர் பிழைப்பு சிறிது சிறிதாக இளைத்தது. நூறு வருஷம் ஓடிய அந்தச் சிறிய ரயில் 2018-இல் அகலப் பாதையாகி முழுவதும் திறக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே, 1993-இல், கொல்லத்திலிருந்து கோட்டப்புரம் வரையுள்ள 168 கிலோமீட்டர் நீர்வழியை தேசீய நீர்வழி என்று மத்திய சர்க்கார் பிரகடனம் செய்துவிட்டது.

ஆர்தர் காட்டன் என்ற எஞ்சினீயரை நம்மவர்கள் கோதாவரி அணைக்காக நினைக்கிறார்கள். இந்தியாவுக்கு ரயிலைவிடப் படகு செல்லும் கால்வாய்களே தகுதி, செலவும் குறைவு என்று அவர் கடைசிவரை சீமையில் வாதாடினார். அவர் பேச்சு எடுபடவில்லை. ரயில் தண்டவாளமும் என்ஜினும் சீமையிலிருந்து வந்தன. தோணி நம் ஊர் ஆசாரி கட்டினான். எது எடுபடும் என்பதை ஊகிக்க அதிக புத்தி வேண்டியதில்லை.

ஒரு மாதம் கழித்து அண்ணாச்சி, மதினி, நான் மூவரும் கொல்லத்திற்கு ரயில் ஏறினோம். ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டி, கழுதுருட்டிக்கு அருகே பதின்மூன்று கண் பாலத்தின்மேல் வண்டி மெதுவாகப் போகும்போது எல்லோரையும்போல் நாங்களும் ஜன்னலுக்கு வந்தோம். பாலத்தைப் பார்க்க ஒரு பக்கத்து ஜனங்கள் அத்தனை பேரும் மறுபக்கத்திற்கு வந்துவிட்டார்கள். ரயிலுக்கு அதனால் ஒன்றும் நேரவில்லை. அதை அப்போது நான் பொருட்படுத்தவுமில்லை.

அஷ்டமுடி என்றால் எட்டு முடி, அதாவது எட்டுக் கிளை. அந்தக் கிளைகளில் ஒன்றின் கரையில் தென்னை மரங்களுக்கிடையே அந்தப் படகுப் பட்டறை இருந்தது. பெயர் சொல்ல வேண்டியதில்லை. தகரக் கொட்டகையின் ஒரு பக்கத்தில் பழைய கெட்டுவள்ளம் ஒன்றைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுபக்கத்தில் அண்ணாச்சியின் தோணி, மீன் முள்ளைப்போல் விலாச் சட்டங்கள் மட்டும் தெரிய நின்றது.

அண்ணாச்சி தம்முடைய தோணியை விட்டு நேரே கெட்டுவள்ளத்தினிடம் போய்விட்டார். போகாமல் என்ன செய்வார்? அது அயினிப் பலகை. அந்த ஊரில் ஆஞ்ஞிலி என்கிறார்கள். ஓர் ஆணிகூடக் கிடையாது. பலகையில் துளையிட்டு, கயிற்றால் தைத்து, தையலின் இடுக்கில் தேங்காய் நாரைத் திணித்து, மேலே முந்திரித் தோட்டு எண்ணெய் பூசியிருந்தார்கள். அவிழ்த்துப் பிரித்து மறுபடியும் தைக்கலாம். ஆனால் அவ்வளவு அகலமான அயினிப் பலகை இன்று எங்கே கிடைக்கிறது? கிடைத்தாலும் என்ன விலை? "நாற்பது வருஷம் மரம் விற்றேன். எனக்கு ஒரு தோணிக்கு மரம் இல்லை" என்றார் அண்ணாச்சி. அவர் இரும்புக்கு வந்த காரணம் எனக்கு அப்பொழுதுதான் விளங்கிற்று.

பட்டறையின் மேஸ்திரி எழுபது வயதை நெருங்கியவர். கெட்டுவள்ளம் தைக்கும் ஆசாரிக் குலத்தில் பிறந்து, வெல்டிங் கற்றுக்கொண்டு இரும்புக்கு மாறியவர். எல்லோரும் அவரை மூத்தாசாரி என்றே அழைத்தார்கள். மலையாளம் கலந்த தமிழில் அவர் எங்களுக்குப் பாடம் நடத்தினார்.

இரும்பு மிதக்குமா என்று கேட்பவர்கள் இப்போது யாருமில்லை. முன்பு இருந்தார்கள். 1787-இல் இங்கிலாந்தில் ஜான் வில்கின்ஸன் என்ற இரும்பு வியாபாரி ஸெவர்ன் நதியில் இரும்புத் தோணி ஒன்றை இறக்கியபோது, நம்பாதவர்களே அதிகம். அதன் பெயரே 'ட்ரையல்', அதாவது பரீட்சை. பிரயாணிகளை ஏற்றிய முதல் இரும்புப் படகும் சமுத்திரத்துக் கப்பலல்ல. ஸ்காட்லாந்தில் மாங்க்லாண்ட் என்ற கால்வாயில் 1819-இல் விடப்பட்ட 'வல்கன்' என்ற கால்வாய்ப் படகுதான். கிளாஸ்கோவின் பெரிய கப்பல்களுக்கெல்லாம் அது பாட்டி முறை.

மிதப்பதன் கணக்கு மிகவும் எளிது. ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுத் தகடு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 7.85 கிலோ எடையிருக்கும். அண்ணாச்சியின் தோணிக்கு அடித்தகடு 6 மில்லிமீட்டர். ஆகவே சதுர மீட்டருக்கு 47 கிலோ. தோணியின் நீளம் 15 மீட்டர், அகலம் மூன்றரை மீட்டர். தண்ணீரில் அது பிடித்துக்கொள்ளும் பரப்பைக் கணக்கிட்டால், 450 கிலோ எடை ஏறும்போது ஒரு சென்டிமீட்டர் அமிழும். ஏழு பேர் ஏறினால் ஒரு விரல் அகலம்கூட இறங்காது. இதைக் கேட்டதும் அண்ணாச்சி என்னைப் பார்த்துப் பெருமையுடன் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் பின்னால் வந்த வினை இருந்தது.

கட்டும் வேலை நான் நினைத்ததைவிடச் சீக்கிரமாக நடந்தது. தகடுகளை முதலில் அங்கங்கே பொட்டு வைத்ததுபோல் ஒட்டிவைக்கிறார்கள். பிறகு இடது பக்கம் ஒரு சாண், வலது பக்கம் ஒரு சாண், மறுபடி நடுவில் ஒரு சாண் என்று தாண்டித் தாண்டிப் பற்றவைக்கிறார்கள். ஒரே மூச்சில் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பற்றவைத்தால் தகடு சூட்டில் பொரித்த அப்பளம்போல் நெளிந்துவிடும். பிறகு எந்தச் சம்மட்டியும் அதை நேராக்காது. இணைப்பு ஒழுகுகிறதா என்று பார்ப்பதற்கு மூத்தாசாரி கையாண்ட முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. உட்புறத்து இணைப்பில் சுண்ணாம்பைப் பூசிக் காயவிட்டு, வெளிப்புறத்தில் மண்ணெண்ணெயைத் தடவினார். மயிரிழை அளவு துவாரம் இருந்தாலும் வெள்ளைச் சுண்ணாம்பில் எண்ணெய்க் கறை தெரிந்துவிடும். இரண்டு இடத்தில் தெரிந்தது. வெட்டியெடுத்து மறுபடி பற்றவைத்தார்கள்.

ஓடு முடிந்தது, இனி நாற்காலி மேஜை போட வேண்டியதுதான் பாக்கி என்று அண்ணாச்சி நினைத்தார். வீடு கட்டியவர்கள் அறிவார்கள். கூரை போட்டதும் பாதி வேலை முடிந்ததென்று தோன்றும். பணப்பையோ அப்போதுதான் வாயைத் திறக்கும்.

முதலில் துரு. அஷ்டமுடிக் காயல் நீண்டகரையில் கடலோடு திறந்திருக்கிறது. மழைக்காலத்தில் நன்னீர், கோடையில் உப்பு. தகட்டை மணல் பீய்ச்சி வெள்ளி நிறம் வரும்வரை துடைத்து, ஈரக் காற்று படுவதற்குள் முதல் பூச்சைப் பூசிவிட வேண்டும். மழை மாதத்தில் அந்த வேலையைத் தொட மூத்தாசாரி மறுத்துவிட்டார். அடிப்புறத்தில் சிறிய உலோகக் கட்டிகளைப் பற்றவைக்கிறார்கள். உப்புநீருக்குத் துத்தநாகம், நன்னீருக்கு மக்னீஷியம், இரண்டும் மாறிமாறி வரும் இடத்திற்கு அலுமினியக் கலவை. தண்ணீர் தோணியைத் தின்ன வரும்போது இவை தங்களைக் கொடுத்துத் தோணியைக் காப்பாற்றுகின்றன. தேய்ந்துபோனால் மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். "தேய்ந்தால் நல்லது. தேயாமல் புதுசாகவே இருந்தால்தான் பயப்படணும் ஸாரே" என்றார் மூத்தாசாரி.

அடுத்தது சூடு. மதினி உள்ளே போனவர் இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்தார். "இது தோணியில்லை, இட்லிக் கொப்பரை. ஏறுகிறவர்கள் வெந்துதான் இறங்குவார்கள்" என்றார். உண்மைதான். கெட்டுவள்ளத்து மூங்கில் பாய்க் கூரையின் கீழே உட்கார்ந்தால் காயலின் காற்று ஊடே வரும். இரும்புக் கூரையோ பகலில் அடுப்பு. விடியற்காலையில் உட்புறமெல்லாம் வியர்த்துச் சொட்டும். அந்த வியர்வை மரப்பலகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு உள்ளிருந்தே துருவை வளர்க்கும். ஆகவே தகட்டுக்கும் பலகைக்கும் நடுவே சூடு தடுக்கும் நுரையை இடைவெளி விடாமல் பீய்ச்சி நிரப்பினார்கள். கூரைக்கு மேலே ஒரு முழ இடைவெளி விட்டு மூங்கில் பாய் போட்டது மதினியின் யோசனை. அதற்குக் கூலி யாரும் கேட்கவில்லை.

சமையலறையைப்பற்றி ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் வீட்டிலுள்ளவர்களுக்கும் அது பயன்படும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவைத் திறந்து வெளியே தள்ளலாம். தோணியில் கசிந்தால் அது தண்ணீர்போல் இறங்கி அடிவயிற்றில் தேங்கும். அங்கிருந்து வெளியேற வழியில்லை. என்ஜினைத் திருகும் ஒரு பொறி போதும். அதனால் வாயு உருளையைத் தனிப் பெட்டியில், வெளியே, தண்ணீர் மட்டத்திற்கு மேலே, பெட்டியின் அடியில் புறத்தே திறக்கும் துவாரத்துடன் வைக்கிறார்கள். துவாரத்தைக் குளிருக்காகவோ பூச்சிக்காகவோ துணி வைத்து அடைத்துவிடக் கூடாது. மூத்தாசாரி இதை மதினியிடம் மூன்று தடவை சொன்னார். அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. ஆள் தெரிந்தவர்.

இவ்வளவும் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கையில் ஒரு நாள் அண்ணாச்சி மேல்தட்டுப் பேச்சை எடுத்தார்.

அக்கம்பக்கத்துப் படகுகளில் மாடி இருந்தது. மாடியில் உட்கார்ந்து காயலைப் பார்க்கத்தான் ஜனங்கள் விரும்புகிறார்கள். மேலே இருபத்தைந்து பேரை உட்கார வைத்தால் வரும்படி இரட்டிப்பாகும். பட்டறையின் முதலாளிக்கும் சம்மதமே. தகடு கூடினால் அவருக்குக் கூலியும் கூடும். "ஏழு பேருக்கு ஒரு விரலுக்கும் குறைவு என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? இருபத்தைந்து பேருக்கு நாலு விரல்" என்றார் அண்ணாச்சி. கணக்கில் பிழையில்லை.

மூத்தாசாரி ஒன்றும் சொல்லாமல் பீடியை அணைத்துவிட்டுக் காயலைப் பார்த்தார். பிறகு, "அமிழ்வது வேறே. கவிழ்வது வேறே" என்றார்.

அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் அவருக்கு வ. உ. சி. ஞாபகமும் கூடவே வரும். "எங்கள் ஜில்லாக்காரர் வெள்ளைக்காரனுக்கு எதிரே கப்பலே விட்டார். நான் ஒரு மாடி வைக்கப் பயப்படவா?" என்றார்.

இதற்கு நான் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. வ. உ. சி. 1906-இல் சுதேசி நாவிகச் சங்கத்தைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து லட்சம், பங்கு ஒன்றுக்கு இருபத்தைந்து ரூபாய். 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடின. இரண்டும் அந்நிய தேசத்தில் கட்டியவை. விலைக்கு வாங்கினோமே தவிர, கட்டும் பட்டறை நம்மிடம் இல்லை. 1908-இல் அவரைச் சிறையில் அடைத்தார்கள்; 1911-இல் கம்பெனியே கலைக்கப்பட்டது. நவீன முறையில் எஃகுக் கப்பல் ஒன்றைச் சுதந்திர இந்தியா தன் கையால் கட்டி நீரில் இறக்கியது 1948 மார்ச்சில், விசாகப்பட்டினத்தில், 'ஜல உஷா' என்ற பெயரில். அதைப் பார்க்க வ. உ. சி. இல்லை, 1936-இலேயே காலமாகிவிட்டார். ஓட்டுவது தைரியம், அண்ணாச்சி. கட்டுவது கணக்கு. அந்தக் கணக்கு நமக்கு வாய்க்க நாற்பது வருஷம் பிடித்தது என்று சொன்னேன். அண்ணாச்சி பதில் பேசவில்லை; ஆனால் மாடியை விடவுமில்லை.

அந்த நீர்வழியில் கவிழ்ந்த கதைகளை மூத்தாசாரி அன்று மாலை சொன்னார். அவற்றை அவர் பிறர் சொல்லக் கேட்டவர், சிலவற்றைத் தாமே கண்டவர். 1924 ஜனவரி 16-ஆம் தேதி, கொல்லத்திலிருந்து புறப்பட்ட 'ரிடீமர்' என்ற படகு இரவில் பல்லனைக் கால்வாயின் வளைவில் கவிழ்ந்தது. படகு நிறையக் கூட்டம். மலையாள மகாகவி குமாரன் ஆசான் அதில் இறந்தார், வயது ஐம்பது. 2002 ஜூலையில் முகம்மாவிலிருந்து குமரகத்திற்குப் போன படகில் 29 பேர். 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி தேக்கடியில் 'ஜலகன்யகா' கவிழ்ந்து 45 பேர் போனார்கள்; அவர்களில் நம் தமிழ்நாட்டார் பலர். அது சேவைக்கு வந்து சில வாரங்களே ஆன புதுப் படகு, இரண்டு தட்டு. 2023 மே 7-ஆம் தேதி தானூரில் 22 பேர், பெரும்பாலும் குழந்தைகள். மீன்பிடி படகை மாற்றி இரண்டு தட்டாக்கி உல்லாசப் படகாக்கியிருந்தார்கள்.

தேக்கடியில் மிருகத்தைப் பார்க்க ஜனங்கள் ஒரு பக்கமாக நகர்ந்தார்கள் என்று அவர் சொன்னபோதுதான், பதின்மூன்று கண் பாலத்தில் எங்கள் வண்டியில் எல்லோரும் ஜன்னலுக்கு ஓடியது எனக்கு நினைவு வந்தது.

மதினி இதையெல்லாம் தூணருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நீங்கள் மாடி வைத்தால் நம் பேரப் பிள்ளைகளை அதில் ஏற்றுவீர்களா?" என்று மட்டும் கேட்டார். அண்ணாச்சி, "கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே பெரிது.

கணக்குப் போடக் கொச்சிப் பல்கலைக்கழகத்தில் கப்பல் நிர்மாணம் பயின்ற ஒரு பெண் வந்தாள். இப்பொழுது இது கட்டாயமும்கூட. 1917-ஆம் வருஷத்துப் பழைய சட்டத்தை நீக்கி 2021-இல் வந்த உள்நாட்டுப் படகுச் சட்டத்தின்படி, படகைப் பரிசோதித்து சர்ட்டிபிகேட் தராமல் ஆளை ஏற்றக் கூடாது. முப்பது வயதுகூட ஆகாத அந்தப் பெண், தகரப் பெட்டியிலிருந்து எடுத்தது ஒரு கொத்தனாரின் தூக்குக் குண்டும் நூலும்தான். அண்ணாச்சி ஏமாந்துபோனார். பெரிய யந்திரம் ஏதோ வரப்போகிறதென்று எதிர்பார்த்திருந்தார்.

காலை ஆறு மணி, காற்று அசையவில்லை. தோணி கயிறு தளர்ந்து மிதந்துகொண்டிருந்தது. உட்கூரையிலிருந்து இரண்டு மீட்டர் நூலில் குண்டைத் தொங்கவிட்டு, குண்டு ஆடாதிருக்க ஒரு வாளி எண்ணெயில் முக்கிவைத்தாள். நூலுக்குப் பின்னால் ஓர் அளவுகோல். எங்களையெல்லாம் கரைக்கு இறக்கிவிட்டாள். தோணியின் நடுவில் வைத்திருந்த 200 கிலோ எடைக்கல்லை இரண்டு பேர் தூக்கித் தூக்கி, இரண்டரை மீட்டர் தூரம் மாறும்படி ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்திற்கு மாற்றினார்கள். நூல் ஐந்து சென்டிமீட்டர் நகர்ந்தது. அவ்வளவுதான் பரீட்சை.

அந்த ஐந்து சென்டிமீட்டரைக்கொண்டு, தோணியின் மொத்த எடை ஏறக்குறைய இருபது டன் என்று தெரிந்திருப்பதால், அதன் கனம் எவ்வளவு உயரத்தில் குவிந்திருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். அண்ணாச்சிக்கு விளங்கும்படி அவள் சொன்ன உதாரணம் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை. அடியில் களிமண் கனம் இருப்பதால்தான் தள்ளத் தள்ள நிமிருகிறது. அதே பொம்மையின் தலையில் களிமண்ணை ஒட்டினால்? மேல்தட்டுக்கும் அதன் கூரைக்கும் ஒன்றரை டன். இருபத்தைந்து பேருக்கு ஒன்றே முக்கால் டன்னுக்குச் சற்றுக் குறைவு. அத்தனை பேரும் ஏதோ ஒன்றைப் பார்க்க ஒரு பக்கமாக வந்தால் தோணி பதினொரு பாகை சாயும். ஜனங்கள் ஒருபுறம் ஒதுங்குவதால் பத்துப் பாகைக்கு மேல் சாயக் கூடாது என்பது சர்வதேசக் கப்பல் விதி.

"ஒரே ஒரு பாகைதானே அம்மா?" என்றார் அண்ணாச்சி.

"இருபத்தைந்து பேரோடு நிறுத்துவீர்களா ஸார்?" என்றாள் அந்தப் பெண்.

அண்ணாச்சி நாற்பது வருஷம் வியாபாரம் செய்தவர். பொங்கலுக்கும் சித்திரைக்கும் கூட்டம் வந்தால் இருபத்தைந்தோடு நிறுத்தும் முதலாளி யார் என்று அவருக்குத் தெரியும். ஒன்றும் பேசாமல் காயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பட்டறை முதலாளியிடம் போய், மாடிக்கு வாங்கிவைத்த தகட்டை எடுத்துக்கொண்டு முன்பணத்தைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டார். பாதிதான் திரும்பி வந்தது.

மாடிக்குப் பதிலாகப் பக்கச் சுவர்களின் ஜன்னலை இரண்டு பங்கு அகலமாக வெட்டினார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே தண்ணீர் தெரிகிறது. வரும்படி இரட்டிப்பாகாது. அதை ஒப்புக்கொள்ள அண்ணாச்சிக்கு இன்னும் மனமில்லை. கொல்லத்துப் பக்கம் மாடிப் படகு ஒன்று போகும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு விடுகிறார். அதில் எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள் என்று எண்ணவும் செய்கிறார்.

தை மாதத்தில் ஒரு நல்ல நாள் பார்த்துத் தேங்காய் உடைத்தார்கள். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் தோணி இடது பக்கம் இரண்டு விரல் சாய்ந்து நின்றது. அண்ணாச்சியின் முகம் வெளுத்துவிட்டது. மூத்தாசாரி குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். சமையலறையும் தண்ணீர்த் தொட்டியும் இடது பக்கத்தில் அமைந்திருந்தன. மதினி விடியற்காலையிலேயே தொட்டியை வாய்வரை நிரப்பிவிட்டார். வலது பக்கத்து அடித்தளப் பலகையைத் திறந்து சிமெண்டுக் கட்டிகளை அடுக்க வேண்டும். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாமே உள்ளே இறங்கினார். நான் மேலேயிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். மதினி கரையில் நின்றுகொண்டு, மட்டத்தைப் பார்த்து, "இன்னும் ரெண்டு கட்டி" என்றார்.